தாம்பாளத்தில் ஒரு கழிமுகம்

ஜனவரி 3, வெள்ளி

இவர் கம்பெனியில் கொடுத்த டைரி. சும்மா விட்டால் மளிகைச் சீட்டு எழுதியே தீர்ந்துபோகும் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாளே எட்டாம் வகுப்பில் என் மானம் போயிற்று. எளிய சோதனைதான். தட்டில் தண்ணீர், அதன் மேல் மிளகுத்தூள், நடுவில் ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெய் விழுந்ததும் தூள் நாலு பக்கமும் தெறித்து ஓடும். தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். வருஷா வருஷம் செய்வது. இன்று தூள் அசையவே இல்லை. எண்ணெய்ச் சொட்டு விழுந்த இடத்திலேயே உருண்டையாக உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது தட்டிலும் அதே கதை.

"மிளகுத்தூள் எக்ஸ்பயரி ஆயிடுச்சா மிஸ்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸை உடைத்தேன்.

யுவஸ்ரீதான் கண்டுபிடித்தாள். "மிஸ், தண்ணிய விரல் வெச்சுத் தொட்டுப் பாத்தது யாரு? எல்லாருந்தான. எல்லார் தலையிலயும் எண்ணெ. காலைல தலை பின்னின கை." லீவு முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு அம்மாமார் நெற்றியில் வழிய வழியத் தேங்காயெண்ணெய் தடவி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கைகள் பட்டுத் தண்ணீர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் முன்னாலேயே பரவிவிட்டது. புதுச் சொட்டுக்குப் பரவ இடமில்லை. குழாயடியிலிருந்து யாரும் தொடாத தண்ணீரை அவளே பிடித்து வந்தாள். தூள் ஓடியது. வகுப்பு கை தட்டியது.

அப்போதுதான் யாரோ கேட்டார்கள், "மிஸ், நம்ம கழிமுகத்துல வந்துச்சே, அந்த எண்ணெ எங்கேர்ந்து வந்துச்சு?"

"உனுக்குத் தெரியாதா? இவங்க அப்பா ஷெட்லேர்ந்துதான்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

யுவஸ்ரீ தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவள் பெஞ்சில் அவள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நான் இன்றுதான் கவனித்தேன். டிசம்பருக்கு முன் அங்கே நான்கு பேர்.

ஜனவரி 4, சனி

அலமாரி துடைத்தேன். தேங்காயெண்ணெய் உறைந்து கிடந்தது, வெயிலில் வைத்தேன்.

யுவஸ்ரீயின் அப்பா தேசிங்கு படகு எஞ்சின் மெக்கானிக். டிசம்பர் பெருமழையில் கழிமுகம் கறுத்துப்போனதே, அதற்கு அவர் ஷெட்டில் இருந்த கழிவு ஆயில் பீப்பாய்கள்தான் காரணம் என்று கேஸ். ஷெட்டுக்கு சீல் வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து விசாரணைக் குழு 23-ஆம் தேதி வருகிறதாம். அவர்களும் அதையே எழுதிவிட்டால் ஷெட்டும் போகும், மனுஷன் உள்ளேயும் போவார். வலை நாசமான ஊர்க்காரர்கள் அந்த வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் சத்துணவு ஆயா சொன்னது.

இவரிடம் சொன்னேன். இவர் கழிமுகத் தென்கரையில் எண்ணெய்த் தொட்டிகள் வைத்திருக்கும் கம்பெனியின் டேங்க் யார்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், எண்ணெய் விஷயம் தெரியுமே என்று. "ஊர் வம்பு நமக்கு எதுக்கு லதா" என்று டிவியைப் போட்டார். நியூஸ் சானல். சத்தம் வைக்கவில்லை.

ஜனவரி 6, திங்கள்

யுவஸ்ரீ காலையிலேயே ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். "மிஸ், தட்டுல செஞ்சமே, அத கழிமுகம் மாதிரி செஞ்சா என்னா? எங்கப்பா ஷெட்ல எண்ணெ விட்டா அது எங்க போவுதுன்னு பாத்துடலாம்ல?"

அவளுக்குப் பதிமூன்று வயது. எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எதையாவது கொண்டுபோக வேண்டியிருக்கிறது, இதையே கொண்டுபோகலாம் என்றேன்.

சத்துணவுக் கூடத்தில் ஓட்டையாகி ஓரங்கட்டிய பெரிய அலுமினியத் தாம்பாளம் கிடைத்தது. எம்-சீல் வைத்து அடைத்தோம். கரைகளுக்குக் களிமண். கிழக்கே கடல். தென்கரையில் கம்பெனியும், கப்பலிலிருந்து எண்ணெய் இறக்கும் அதன் ஜெட்டியும். வடகரையில் ஷெட், ஊர், பள்ளிக்கூடம். மேற்கே பாலம், அதற்கு ஓர் அடி ஸ்கேல். பாலத்துக்கு அப்பால் அலையாத்திக் காடு, அதற்குத் தேங்காய் நாரைக் கொத்துக் கொத்தாக நட்டார்கள். அலையாத்திக்கும் மேலே தாம்பாளத்தின் மூலையில் மண்ணை மொத்தமாக அப்பி மட்டமாகத் தட்டிவிட்டான் ஒருவன். "அங்க இன்னாடா?" என்றேன். "கிரவுண்டு மிஸ்."

ஆயில் வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். "அங்கேர்ந்து ஒரு சொட்டுகூட வெளிய வரக் கூடாது" என்று எரிந்து விழுந்தார். சொன்ன பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்துபோய்விட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. ஒரு பாட்டில் ஆயில் கேட்டதற்கா இவ்வளவு?

ஜனவரி 7, செவ்வாய்

பைக் மெக்கானிக்கிடம் கழிவு ஆயில் வாங்கினேன்.

ஊரில் உண்மையில் எங்கெங்கே கறுத்தது என்று பிள்ளைகளையே சொல்லச் சொன்னேன். அலையாத்திதான் மோசம், இடுப்பு உயரத்துக்குக் கறுப்பு. அடுத்து பாலத் தூண்கள். பிறகு வடகரை முழுக்க. தென்கரையும் ஜெட்டியும் சுத்தம். மழை நாளில் வெள்ளம் மேற்கிலிருந்து கடலைப் பார்த்து ஓடியது. அதற்கு ஒருத்தி மேற்கு முனையில் சொம்பால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடல் பக்கம் பரீட்சை அட்டையால் அலை.

ஷெட்டில் எண்ணெய் விட்டோம். வடகரையோடு ஒட்டிக்கொண்டு கடலுக்குப் போயிற்று. பாலத்துக்குப் போகவில்லை, அலையாத்திக்குப் போகவே இல்லை. நாலு முறை செய்தோம். நாலு முறையும் நார் வெள்ளையாகவே இருந்தது.

"எங்கப்பா இல்ல" என்றாள் யுவஸ்ரீ, சத்தமே இல்லாமல். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னாள்.

ஜனவரி 8, புதன்

அப்படியென்றால் கம்பெனி ஜெட்டிதான் என்று பையன்களுக்கு ஒரே குஷி. இவர் வேலை பார்க்கும் இடமாயிற்றே என்று யோசித்தேன், ஆனாலும் விட்டேன். ஜெட்டியில் விட்ட எண்ணெய் தென்கரையைக் கறுக்க வைத்துவிட்டுக் கடலுக்குப் போயிற்று. உண்மையில் தென்கரை சுத்தம். இதுவும் இல்லை.

என் முகத்தில் நிம்மதி தெரிந்திருக்கும் போல. யுவஸ்ரீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடலில் போன கப்பலாக இருக்குமோ என்று கடல் பக்கமும் விட்டுப் பார்த்தோம். வெள்ளம் உள்ளே விடவே இல்லை. அட்டையை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் வாயிலேயே நின்றது.

மூன்றும் இல்லை. அப்புறம் எங்கிருந்துதான் வந்தது? ஆகாயத்திலிருந்தா?

ஜனவரி 9, வியாழன்

தலைமை ஆசிரியர் ஆரோக்கியராஜ் சார் கூப்பிட்டார். "டீச்சர், கண்காட்சிக்குப் பந்தலு, சாப்பாடு எல்லாம் யாரு குடுக்குறாங்க தெரியுமில்ல? உங்க வீட்டுக்காரர் கம்பெனிதான். வேற ஏதாவது செய்யுங்களேன். எரிமலை செய்யலாம். சோடா உப்பு, வினிகர். பசங்களுக்கும் பிடிக்கும்."

"சார், கம்பெனி ஜெட்டிலேர்ந்து வரலன்னுதான் சார் எங்க தட்டு சொல்லுது" என்றேன். அவர் குழம்பிவிட்டார். "அப்படின்னா நல்லதுதான" என்றார். "நல்லதுதானா?" என்று மறுபடியும் என்னையே கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் புரிகிறது. வெள்ளம் கீழே ஓடும்போது எண்ணெய் எதிர்த்து மேலே ஏறாது. அலையாத்தி கறுத்தது என்றால் அதற்கும் மேலேயிருந்துதான் வந்திருக்க வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டேன். "அங்க ஒண்ணுமே இல்ல மிஸ். கிரவுண்டுதான். இப்ப சூப்பரா இருக்கு. கம்பெனிக்காரங்க புது வருசத்துக்கு நாலு லாரி செம்மண் கொட்டி ரோலர் வுட்டுக் குடுத்தாங்க. பேட்டு, ஸ்டம்பு எல்லாம் குடுத்தாங்க."

சாயங்காலம் துணி எடுக்க, நாங்கள் இருக்கும் கம்பெனிக் குவார்ட்டர்ஸின் மொட்டை மாடிக்குப் போனேன். அங்கிருந்து அந்த கிரவுண்டு நன்றாகத் தெரியும். நீளமாக, குறுகலாக, மேற்கே வெகுதூரம் நீண்டு கிடக்கும் கம்பெனி யார்டின் பின்சுவரில் ஆரம்பித்து அலையாத்தி வரைக்கும். செக்கச் செவேல் என்று மண். பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மழையில் அங்கே தண்ணீர் பார்த்த ஞாபகம் இருக்கிறது. நின்றதா, ஓடியதா என்றுதான் நினைவில்லை. அந்த இரண்டு நாளும் இவர் வீட்டுக்கு வராமல் யார்டிலேயே இருந்ததில் எனக்கு வேறு எதிலும் கவனம் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

பொங்கல் லீவுக்குப் பள்ளியைப் பூட்டுகிறார்கள். தாம்பாளத்தை அங்கே விட்டால் எலி மண்ணைத் தோண்டிவிடும் என்று, மீதி ஆயில் பாட்டிலோடு ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆட்டோ முழுக்க என்னைத்தான் பார்த்தது. இவர் பார்த்துவிட்டு, "இது என்னது?" என்றார். சொன்னேன். ஹாலில் வைக்க வேண்டாம் என்றார். ஹாலில்தான் வைத்தேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடிகாலையில் இவர் என்னை எழுப்பாமலே வாசலில் கொளுத்திவிட்டார். பழைய பாய், துடைப்பம், முறம், சரி. கூடவே அவருடைய வேலைக்குப் போடும் பேன்ட்டும் ஷூவும். பேன்ட் தீபாவளிக்கு முன்னால்தான் தைத்தது. ஷூவுக்கு ஒரு தையல்கூடப் பிரியவில்லை. மழைக்குப் பிறகு அவர் அவற்றைப் போட்டே நான் பார்க்கவில்லை, பரணில் சாக்கில் கட்டி வைத்திருந்திருக்கிறார்.

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்று கத்தினேன். "பழசுதான லதா" என்றார். கெட்டியாகக் கறுப்புப் புகை. பக்கத்து வீட்டம்மா இருமிக்கொண்டே வந்து, "என்னங்க, டயர் கொளுத்துறீங்களா?" என்று கேட்டார். இவர் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஷூவுக்காகப் பண்டிகை நாளில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கியது. இவர் இரண்டு வாய் சாப்பிட்டார்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

எந்த வருஷமும் இன்று கழிமுகக் கரை திமிலோகப்படும். இந்த வருஷம் ஈ காக்கை இல்லை. கரும்பு வாங்கப் போனவள் தேசிங்கைப் பார்த்தேன். சீல் வைத்த ஷெட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஒரு ஸ்பேனரை வேட்டியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, பொண்ணு சொல்லிச்சு. தட்டுல செஞ்சு பாத்தீங்களாமே. நீங்க 23ந் தேதி வந்து அந்த ஆபீசருங்க முன்னாடி செஞ்சு காட்டுவீங்களா?"

"ஷெட்லேர்ந்து இல்லன்னு காட்டலாம்" என்றேன். "ஆனா எங்கேர்ந்துன்னு காட்ட முடியலியே."

"அதான் கேப்பாங்க" என்றார். "நீ இல்லன்னா வேற யாருன்னுதான் கேப்பாங்க. நான் யாரச் சொல்றது?" கரும்பைச் சுமந்துகொண்டு வீடு வரும்வரை எனக்கு அழுகை முட்டிக்கொண்டே வந்தது. வீட்டில் இதை இவரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "எழுந்து நின்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

நாளை பள்ளி. மத்தியானம் மீன் இல்லாத குழம்பு, கத்தரிக்காய். நான் சமையலறையில் இருந்தபோது இவர் ஹாலில் என்னவோ செய்துகொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சொம்பைத் தேடினேன், சொம்பு இல்லை. எட்டிப் பார்த்து, "என்ன பண்றீங்க?" என்றேன்.

"மழைத் தண்ணி யார்டுக்குள்ள ஏறுனா எங்கயாவது வெளிய விட்டுத்தான ஆகணும்" என்றார். எனக்குச் சொல்வது மாதிரி இல்லை. தாம்பாளத்தைப் பார்த்தே சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

ஹாலுக்கு வந்து பார்த்தேன். கிரவுண்டு என்று பையன்கள் மட்டமாகத் தட்டிய மண்ணில், மூலையிலிருந்து அலையாத்தி வரைக்கும் விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால். அதன் வழியாகத்தான் எண்ணெய் வந்திருந்தது. நார் அடியோடு கறுப்பு. ஸ்கேல் கறுப்பு. வடகரை முழுக்க ஒரு கறுப்புக் கோடு. தென்கரையில், ஜெட்டியில், ஒரு பொட்டுகூட இல்லை. பிள்ளைகள் சொன்ன ஊர் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தபோதுதான் எழுந்தேன்.

களிமண் காய்ந்தால் பிளந்துகொள்ளும். அதனால் அந்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத் தடவிச் சமன் செய்துவிட்டேன். எண்ணெயையும் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். நாளை கொண்டுபோக வேண்டுமே, சுத்தமாக இருக்க வேண்டாமா?

ஜனவரி 20, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பீரியடுக்கு முன்னாலேயே யுவஸ்ரீ தாம்பாளத்தின் மேல் கவிழ்ந்துவிட்டாள். ஒரு நார்க் கொத்தைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே நான் ஒற்றி எடுத்திருந்தேன். மண்ணுக்குள் புதைந்திருந்த அடிப்பாகம் கறுப்பாக இருந்தது.

"மிஸ், அலையாத்தில கறை இருக்கு."

நான் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாம எத்தினி தடவ செஞ்சோம். ஒரு தடவகூட இங்க வரலியே. வீட்ல நீங்க செஞ்சீங்களா? எங்க விட்டீங்க மிஸ்?"

"தெரியலடி" என்று வந்துவிட்டது வாயில். நானே செய்திருந்தால் எப்படித் தெரியாமல் போகும்? அவள் என்னை எதிர்த்துக் கேட்கவில்லை. தெரியாது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டவள் போல, நாரைத் திரும்ப அதே குழியில் நட்டுவிட்டுத் தனியாகப் போய் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்னும் மூன்று நாளில் அவள் அப்பா அந்த ஆபீசர்கள் முன்னால் எழுந்து நிற்பார்.

என்னால் மூன்று பெயருக்கு மேல் படிக்க முடியவில்லை. பேச நினைத்தால் இவருடைய வேலை, குவார்ட்டர்ஸ், போலீஸ் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இவர் மேல் கோபமாகவும் இருந்தது. மழைக்குப் பிறகு இத்தனை நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சரியாகச் சாப்பிடவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அட்டெண்டன்ஸை மூடினேன். "யுவஸ்ரீ, இங்க வா. சொம்புல தண்ணி கொண்டா" என்றேன்.

அவள் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, கிரவுண்டில் என் விரலால் கீறினேன். மண் இன்னும் இளகியிருந்தது, சுலபமாக வழி விட்டது. மூலையில் எண்ணெய் விட்டேன். வகுப்பே சுற்றி நின்றது. நார் கறுத்தது, பாலம் கறுத்தது, வடகரை கறுத்தது. யாரும் கை தட்டவில்லை.

"டேய், அது கிரவுண்டுடா" என்றான் ஒருவன். "மழைல ஓடும்டா அது. மறந்துட்டியா? எங்க கிரிக்கெட் பால் அதுல அடிச்சினு போச்சே" என்றான் இன்னொருவன். பத்து மாசம் காய்ந்து கிடந்து அவர்கள் விளையாடுகிற இடம். அது தண்ணீர் போகிற வழி என்று செய்யும்போது ஒருத்தருக்கும் நினைப்பு வரவில்லை.

யுவஸ்ரீ மட்டும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூலைக்கு அந்தப் பக்கம் எந்தச் சுவர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நான் எந்தக் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன் என்றும் தெரியும்.

"இங்கன்னு யார் சொன்னா மிஸ்?" என்று மெல்லக் கேட்டாள். "ஆபீசருங்க கேட்டா நான் யார் சொன்னான்னு சொல்றது?"

"எங்க வீட்டுக்காரர் சொன்னார்னு சொல்லு" என்றேன்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். சந்தோஷமா, ஆத்திரமா, எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை.

நேற்று மத்தியானம் போன இவர் அடுத்தடுத்த ஷிஃப்டுகள் முடிந்து சாயங்காலம்தான் வந்தார். காபி கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தேன். உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எந்த வார்த்தையில் சொல்வது?

அவரே கேட்டார். "அந்தப் பொண்ணு தட்டப் பாத்துச்சா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் பார்க்கட்டும் என்றுதான் செய்துவிட்டுப் போயிருக்கிறார். நான்தான் தடவி மூடியிருக்கிறேன்.

"பாத்துச்சு" என்றேன்.

"யாருன்னு கேட்டுதா?"

"கேட்டுச்சு. சொல்லிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். இத்தனை நாளில் முதல் முறையாகக் காபியைக் கடைசிவரை குடித்தார். கழற்றி மாட்டிய சட்டையைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாவது பட்டனை மூன்றாவது ஓட்டையில் போட்டார். நான் போய்ச் சரி செய்தேன்.

"தேசிங்கு வீடு எந்தத் தெரு லதா?" என்றார்.